வாசகர் மீட்ட நாயகன்

நுழையும்முன்

பாடநூலுக்குள் கதைநூலை மறைத்துவைத்துப் படிப்பது எல்லா நாட்டு மாணவரிடமும் காணப்படும் பழக்கம். குற்றம் ஒன்று நிகழ்கிறது; யாவரும் திகைத்து நிற்கின்றனர்; நாயகன் வருகிறான்; முடிச்சு அவிழ்கிறது. அவனே அடுத்த நூலிலும் வருவான் என்னும் நம்பிக்கையோடு வாசகர் நூலை மூடுகிறார். இத்தகைய வாசிப்பை வீண்பொழுது என ஒதுக்குவோர் பலர். அக்கதைகளை எழுதிப் பெரும்புகழ் பெற்ற ஒருவரே அவ்வாறு கருதினார். தாம் படைத்த நாயகனைத் தாமே மாய்த்தார். வாசகர் அதனை ஏற்கவில்லை. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் வாழ்க்கை, எழுதியவருக்கும் படித்தவருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு நெடிய வழக்கின் வரலாறு.

புத்தகப் பசி

ஆர்தர் கோனன் டாயில் 1859ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தந்தை சார்லஸ் டாயில் அரசு அலுவலகத்தில் வரைவாளர். ஓவியத்திறன் மிக்க அவர் மதுப்பழக்கத்திற்கு ஆட்பட்டமையால் குடும்பம் வறுமையில் வாடியது. தாய் மேரி அந்த இல்லத்தின் தூணாக விளங்கினார். அடுப்படி வேலைக்கு இடையிலும் நூலைக் கீழே வைக்காத அவர், கதை சொல்வதில் வல்லவர். அச்சமூட்டும் இடத்தில் குரலைத் தாழ்த்தி அவர் சொன்ன கதைகள் மகனின் நெஞ்சில் ஆழப் பதிந்தன.

சிறுவன் ஆர்தர் படித்த வேகம் வியப்பிற்குரியது. காலையில் வாங்கிய நூலை முடித்துவிட்டு, மாலைக்குள் அடுத்த நூலுக்காக நூலகத்தில் நிற்பான். ஒரு நாளில் இத்தனை முறைக்குமேல் நூலை மாற்றித் தர இயலாது என அந்தச் சிறிய நூலகம் வரம்பு கட்டவேண்டியதாயிற்று. அவன் விரும்பிப் படித்தவை மெயின் ரீட் எழுதிய வீரசாகசக் கதைகள். எவரும் அவற்றைப் படிக்குமாறு அவனைப் பணிக்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை.

ஒன்பதாம் வயதில், செல்வநிலையில் இருந்த உறவினரின் உதவியால் இங்கிலாந்தில் உள்ள விடுதிப்பள்ளிக்கு அனுப்பப்பட்டான். மழை பெய்யும் விடுமுறைப் பொழுதுகளில் உடன் பயில்வோர் அவனை மேசைமீது ஏற்றிக் கதை கேட்பர். கூலியாகத் தின்பண்டம் கிடைக்கும். கதையின் உச்சக்கட்டத்தில் அவன் நிறுத்திவிடுவான். மேலும் தின்பண்டம் வந்தபிறகே கதை நகரும். கேட்போரின் ஆவலை எங்கே நிறுத்தி எங்கே தொடரவேண்டும் என்பதை அந்த மேசைமீதே அவன் கற்றுக்கொண்டான்.

உற்றுநோக்கக் கற்பித்தவர்

1876ஆம் ஆண்டு டாயில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கு அறுவை மருத்துவ ஆசிரியர் ஜோசப் பெல் அவரைத் தம் புறநோயாளிப் பிரிவில் எழுத்தராக அமர்த்திக்கொண்டார். நோயாளி வாய்திறக்கும் முன்னரே அவர்தம் ஊரையும் தொழிலையும் சொல்லிவிடும் ஆற்றல் பெற்றவர் பெல்.

ஒருநாள் வந்த நோயாளியை, அண்மையில் படையிலிருந்து விடுபட்டவர் என்றும் பார்படாஸ் தீவில் பணியாற்றியவர் என்றும் பெல் கண்டறிந்தார். மாணவர் வியந்தனர். பெல் காரணங்களை அடுக்கினார். வந்தவர் மரியாதை தெரிந்தவர். ஆயினும் தொப்பியைக் கழற்றவில்லை. அது படைவீரர் வழக்கம். விடுபட்டு நெடுநாள் ஆகியிருந்தால் பொதுமக்களின் பழக்கம் படிந்திருக்கும். அவருக்கு இருந்ததோ யானைக்கால் நோய். அது பிரிட்டனில் காணப்படுவதன்று, மேற்கிந்தியத் தீவுகளில் காணப்படுவது. விளக்கியபின் எளிதாகத் தோன்றிய அம்முறை, விளக்குவதற்கு முன் மாயம்போல் இருந்தது. அந்த வேறுபாட்டை டாயில் மறக்கவில்லை.

படிப்பிற்கு இடையே 1880ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மருத்துவராகச் சேர்ந்து ஆர்க்டிக் கடலுக்குச் சென்றார். 1881இல் பட்டம் பெற்றபின் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற கப்பலிலும் பணியாற்றினார். 1882இல் போர்ட்ஸ்மத் நகரை அடுத்த சவுத்சீயில் மருத்துவமனை தொடங்கினார். நோயாளிகள் மிகச் சிலரே வந்தனர். பணியாள் வைத்துக்கொள்ள வசதியில்லை. வாயிலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகையை எவரும் காணாதவாறு இரவில் தாமே துலக்கினார். எஞ்சிய நேரத்தில் எழுதினார்.

இருபத்தைந்து பவுண்டு

டாயிலுக்கு முன்பே துப்பறியும் கதைகள் இருந்தன. அமெரிக்கரான எட்கர் ஆலன் போ, டூபின் என்னும் துப்பறிவாளரைப் படைத்திருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் கபோரியோ, லெகாக் என்பவரைப் படைத்திருந்தார். டாயில் இவற்றை விரும்பிப் படித்த வாசகர். படித்தபோது ஒரு குறையும் அவருக்குப் புலப்பட்டது. பல கதைகளில் குற்றவாளி தற்செயலாகவே அகப்பட்டான். துப்பறிவாளர் எவ்வாறு அறிந்தார் என்பது விளங்கவில்லை. பெல்லின் முறையை ஒரு துப்பறிவாளரிடம் ஒப்படைத்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வெண்ணமே ஷெர்லக் ஹோம்ஸ். அவர்தம் அருஞ்செயல்களை வியந்து எழுதும் நண்பராக டாக்டர் வாட்சன் உருவானார். வாசகர் கேட்க விரும்பும் வினாக்களை வாட்சன் கேட்டார். வாசகரோடு சேர்ந்து அவரும் திகைத்தார்.

1886இல் எழுதிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' புதினத்தைப் பதிப்பகங்கள் சில திருப்பி அனுப்பின. இறுதியில் ஒரு நிறுவனம் முழு உரிமைக்கும் சேர்த்து இருபத்தைந்து பவுண்டு தர முன்வந்தது. டாயில் மனமின்றி இசைந்தார். 1887ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் மலர் ஒன்றில் அப்புதினம் வெளிவந்தது. அதற்குமேல் அந்நூலால் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 1890இல் இரண்டாம் புதினம் வந்தது. ஆயினும் ஹோம்ஸ் இன்னும் மக்கள் நாயகர் ஆகவில்லை.

இதழும் நாயகரும்

1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப்பின் இங்கிலாந்தில் எழுத்தறிவு பெற்ற ஒரு புதிய தலைமுறை உருவாகியிருந்தது. எழுத்தர், கடைப்பணியாளர், ஆசிரியர் என அன்றாடம் தொடர்வண்டியில் பணிக்குச் செல்வோர் கையில் நேரம் இருந்தது. படிக்க எளிய, விலை குறைந்த இதழ் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1891ஆம் ஆண்டு சனவரியில் ஆறு பென்சு விலையில் 'தி ஸ்ட்ராண்ட்' இதழ் வெளிவரத் தொடங்கியது.

அவ்வாண்டு டாயில் கண்மருத்துவராக லண்டனில் குடியேறியிருந்தார். நாள்தோறும் மருத்துவ அறைக்குச் சென்று காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. அந்தத் தனிமையில் அவருக்கு ஒரு கருத்துத் தோன்றியது. இதழில் வரும் தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் கதையையே இழந்துவிடுகிறார். தனித்தனிச் சிறுகதைகளோ வாசகரை அடுத்த இதழுக்கு அழைத்துச் செல்வதில்லை. கதை அவ்விதழிலேயே முடிய வேண்டும். நாயகர் மட்டும் எல்லா இதழிலும் தொடர வேண்டும். இவ்வாறு அமைந்தால் எந்த இதழிலிருந்தும் வாசகர் உள்ளே நுழையலாம். நுழைந்தபின் வெளியேற மாட்டார்.

1891 சூலை இதழில் முதல் ஹோம்ஸ் சிறுகதை வெளிவந்தது. சிட்னி பேஜெட் வரைந்த ஓவியங்கள் ஹோம்ஸுக்கு உருவம் தந்தன. சில மாதங்களிலேயே அடுத்த கதைக்காக மக்கள் காத்திருக்கத் தொடங்கினர். முதற்கதைகளுக்கு ஒன்றுக்கு முப்பத்தைந்து பவுண்டு அளவில் பெற்றுவந்த டாயில், விரைவில் ஐம்பது பவுண்டு கேட்டார். பின்னர்ப் பன்னிரண்டு கதைகளுக்கு ஆயிரம் பவுண்டு கேட்டார். இதழ் மறுக்காமல் தந்தது. மருத்துவத் தொழிலை விடுத்து அவர் முழுநேர எழுத்தாளர் ஆனார்.

அருவியில் ஒரு முடிவு

புகழ் உயர உயர டாயிலின் மனக்குறையும் வளர்ந்தது. வால்டர் ஸ்காட்டைப்போல் வரலாற்றுப் புதினங்கள் எழுதி இலக்கிய உலகில் நிலைபெற வேண்டும் என்பதே அவரது வேட்கை. பதினான்காம் நூற்றாண்டுப் போர்வீரரைப் பற்றி எழுதுவதற்காக எண்ணற்ற நூல்களை ஆராய்ந்து 'தி ஒயிட் கம்பெனி' என்னும் புதினத்தைப் படைத்தார். அதுவே தம் சிறந்த படைப்புகளுள் ஒன்று என நம்பினார். மக்களோ ஹோம்ஸைக் கேட்டனர். பொழுதுபோக்கிற்காகப் படிக்கப்படும் கதை, தம் உயர்ந்த பணிக்குத் தடையாக நிற்பதாக அவர் கருதினார்.

1891ஆம் ஆண்டு இறுதியிலேயே ஹோம்ஸை முடித்துவிடப்போவதாகத் தாய்க்கு எழுதினார். மேரி கடுமையாக மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், ஒரு கதைக்கான கருவையும் மகனுக்குத் தந்தார். தாய்சொல் தட்டாத டாயில் இரண்டு ஆண்டுகள் பொறுத்தார். 1893இல் சுவிட்சர்லாந்து சென்றபோது ரைஹன்பாக் அருவியைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் இதழில், கொடியவன் மோரியார்ட்டியோடு போரிட்டு அந்த அருவியில் ஹோம்ஸ் வீழ்ந்ததாகக் கதை வெளிவந்தது.

வாசகர் கொதித்தெழுந்தனர். இதழுக்கும் ஆசிரியருக்கும் மடல்கள் குவிந்தன; கடுஞ்சொல்லால் வசைபாடி எழுதியோரும் உண்டு. இருபதாயிரம் பேர் இதழ் வாங்குவதை நிறுத்தினர் எனக் கூறப்படுகிறது. கற்பனை மாந்தர் ஒருவருக்காக மக்கள் இவ்வளவு துயருறுவர் என டாயில் எண்ணிப் பார்த்ததில்லை. வாசகர் அறியாத வேறு துயரங்களும் அவருக்கு அந்நாளில் இருந்தன. அவ்வாண்டுதான் அவர் தந்தை மனநலக் காப்பகத்தில் இறந்தார்; மனைவி லூயிசாவுக்குக் காசநோய் இருப்பதும் அவ்வாண்டிலேயே தெரியவந்தது.

மீண்டு வந்தவர்

எட்டாண்டுகள் டாயில் மனம் மாறவில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது 1900இல் அங்குச் சென்று மருத்துவமனையில் பணியாற்றினார். போர் குறித்து அவர் எழுதிய நூல்கள் அரசின் பாராட்டைப் பெற்றன. 1902இல் அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

இதற்கிடையில், டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில் உலவியதாகச் சொல்லப்பட்ட பேய்நாய் பற்றிய பழங்கதையை நண்பர் ஒருவர் வாயிலாகக் கேட்டார். அதனைப் புதினமாக்க முனைந்தபோது, அதற்குப் பொருத்தமான துப்பறிவாளர் ஹோம்ஸே என உணர்ந்தார். அருவியில் வீழ்வதற்கு முன் நிகழ்ந்த கதையாக அதனை அமைத்தார். 1901இல் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' தொடராக வெளிவரத் தொடங்கியதும் மக்கள் இதழை நாடி மீண்டும் திரண்டனர்.

பின்னர் அமெரிக்க இதழ் ஒன்று பெருந்தொகை தர முன்வந்தது. வாசகரின் வேண்டுகோளும் ஓயவில்லை. 1903இல் டாயில் இணங்கினார். அருவியில் வீழ்ந்தவர் மோரியார்ட்டி மட்டுமே. ஹோம்ஸ் பாறையில் ஏறித் தப்பி மறைந்து வாழ்ந்தார் என எழுதினார். கதையில் மறைவாழ்க்கை மூன்றாண்டுகள். வாசகர் காத்திருந்ததோ பத்தாண்டுகள். படைத்தவர் மாய்த்த நாயகரைப் படித்தவர்கள் மீட்டுக்கொண்டனர்.

கதைக்கு வெளியே ஒரு வழக்கு

ஹோம்ஸின் புகழ் டாயிலிடம் ஒரு கடமையையும் சேர்த்தது. நீதி கிடைக்காதோர் அவருக்கு மடல் எழுதினர். அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் எடல்ஜி. பம்பாயைச் சேர்ந்த பார்சி மரபினரான அவர் தந்தை, கிறித்தவம் தழுவி இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு சிற்றூரின் பாதிரியாராக இருந்தார். இந்தியத் தோற்றம் கொண்ட அக்குடும்பத்திற்கு இழிவான மொட்டைக் கடிதங்கள் பல ஆண்டுகளாக வந்தவண்ணம் இருந்தன. ஜார்ஜ் வழக்குரைஞர் ஆனார். தொடர்வண்டிப் பயணிகளுக்கான சட்டக் கையேடு ஒன்றும் எழுதினார்.

1903இல் அவ்வூரில் இரவு நேரங்களில் கால்நடைகள் வெட்டப்பட்டன. காவல்துறை ஜார்ஜைக் கைது செய்தது. ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்தாயிரம் பேர் கையொப்பமிட்ட முறையீடு அளிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப்பின் 1906இல் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் குற்றமற்றவர் என அறிவிக்கப்படவில்லை. வழக்குரைஞர் தொழிலும் பறிபோயிற்று.

அவ்வாண்டுதான் டாயிலின் மனைவி லூயிசா இறந்திருந்தார். துயரில் முடங்கியிருந்த டாயில், எடல்ஜியின் வழக்கை அறிந்து எழுந்தார். அவரைச் சந்திக்க விடுதிக்குச் சென்றபோது, எடல்ஜி செய்தித்தாளை முகத்துக்கு மிக அருகில் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். தொலைவில் நின்றே டாயில் பார்த்தார். கண்மருத்துவம் பயின்ற அவருக்கு அக்காட்சி போதுமானதாக இருந்தது. கடுமையான கிட்டப்பார்வை உடைய ஒருவர், காரிருளில் மழையில் இருப்புப்பாதைகளையும் வேலிகளையும் கடந்து வயலுக்குச் சென்று விலங்கை வெட்டித் திரும்பியிருக்க இயலுமா? அவர் நேரில் சென்று இடத்தைப் பார்த்தார். சான்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1907 சனவரியில் நாளிதழில் கட்டுரைகள் எழுதினார். நாடே அவ்வழக்கைப் பேசியது.

அரசு குழு அமைத்தது. கால்நடைகளை வெட்டிய குற்றத்திலிருந்து எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மீண்டும் வழக்குரைஞராகப் பணிபுரியும் உரிமையும் கிடைத்தது. ஆனால் மொட்டைக் கடிதங்களுக்கு அவரே பொறுப்பு எனக் கூறி இழப்பீட்டை மறுத்தனர். இந்த அரைகுறை நீதியை டாயில் ஏற்கவில்லை. குற்ற வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907இல் இங்கிலாந்தில் உருவாவதற்கு இவ்வழக்கு எழுப்பிய விவாதமும் ஒரு காரணமாயிற்று.

கிளாஸ்கோ நகரில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்கர் ஸ்லேட்டர் என்னும் செருமானிய யூதருக்காகவும் டாயில் போராடினார். 1909இல் தூக்குத்தண்டனை பெற்று, அது ஆயுள்தண்டனையாகக் குறைக்கப்பட்ட அவருக்காக 1912இல் நூல் எழுதினார். 1927இல் ஸ்லேட்டர் விடுதலையானார். மறு ஆண்டு அவர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. இரு வழக்குகளிலும் தண்டிக்கப்பட்டோர் அந்நியராகக் கருதப்பட்டவர்கள். ஹோம்ஸின் கதைகளைப் பொழுதுபோக்கிற்காகப் படித்த பல்லாயிரவர் இருந்தமையால்தான், அவற்றை எழுதியவர் நீதி கேட்டபோது நாடு செவிசாய்த்தது.

நம்பிக்கையும் நாயகரும்

முதல் உலகப்போர் டாயிலை உலுக்கியது. போரில் காயமுற்ற மகன் கிங்ஸ்லி 1918இல் நோயால் இறந்தார். மறு ஆண்டு தம்பி இன்னஸும் மறைந்தார். இறந்தோருடன் பேச இயலும் என்னும் ஆவியுலகக் கொள்கையில் முன்பே ஈடுபாடு கொண்டிருந்த டாயில், எஞ்சிய வாழ்நாளை அதற்கே ஒப்படைத்தார். இரு சிறுமியர் எடுத்த தேவதைப் படங்களை உண்மையென நம்பி 1922இல் நூலே எழுதினார். அவை காகித உருவங்கள் என்பதை, முதுமையடைந்த அவ்விருவரும் 1983இல் ஒப்புக்கொண்டனர். உலகிற்கு ஐயுறக் கற்பித்தவர் ஐயுற மறந்த இடம் அது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. தாம் படைத்த மற்றொரு தொடர்நாயகரான பேராசிரியர் சேலஞ்சரை 1926இல் வெளிவந்த புதினத்தில் ஆவியுலக நம்பிக்கைக்கு மாற்றினார் டாயில். ஹோம்ஸை அவர் மாற்றவில்லை. 1924இல் வெளிவந்த கதையிலும் இரத்தக்காட்டேரி என்னும் அச்சத்தைப் புறந்தள்ளி, நிகழ்ந்ததற்கு இயல்பான காரணத்தையே ஹோம்ஸ் தேடினார். தம் உயிரினும் மேலாகப் போற்றிய கொள்கைக்காகவும் வாசகரின் ஹோம்ஸை அவர் வளைக்கவில்லை.

விடைபெறுதல்

நான்கு புதினங்கள், ஐம்பத்தாறு சிறுகதைகள் என விரிந்த ஹோம்ஸின் வரலாறு 1927இல் நிறைவுற்றது. இறுதித் தொகுப்பின் முன்னுரையில் டாயில் வாசகரிடம் விடைபெற்றார். தம் உயர்ந்த படைப்புகளை ஹோம்ஸ் சற்று மறைத்திருக்கலாம் என்பதை அப்போதும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் குறைகூறவில்லை, வாசகரின் மாறாத அன்புக்கு நன்றி கூறினார். வாழ்வின் கவலைகளிலிருந்து சிறிது நேரம் விலகி இளைப்பாற அக்கதைகள் உதவியிருந்தால் அதுவே போதும் என நிறைவு கொண்டார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அருவியில் தள்ளியதை அவர் இப்போது மதிப்போடு வழியனுப்பினார். 1930ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் சசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள தம் இல்லத்தில் காலமானார்.

பிரான்சில் தடய அறிவியலுக்கு அடித்தளமிட்ட எட்மண்ட் லொக்கார்ட், ஹோம்ஸ் கதைகளைப் படிக்குமாறு தம் மாணவரைத் தூண்டினார். லண்டன் பேக்கர் தெருவில் 221பி என்னும் இல்லம் கதை எழுதப்பட்டபோது இருந்ததில்லை. பின்னாளில் அவ்வெண்ணை உள்ளடக்கிய கட்டடத்தில் அலுவலகம் அமைத்த நிதி நிறுவனத்திற்கு, ஹோம்ஸின் உதவியை நாடி உலகெங்கிலுமிருந்து மடல்கள் வந்தன. அவற்றுக்கு மறுமொழி எழுதுவதற்கென்றே அந்நிறுவனம் ஒரு செயலரை அமர்த்தியது.

நூலகம் வரம்பு கட்டும் அளவுக்கு நூல்களை விழுங்கிய சிறுவன், வளர்ந்தபின் அத்தகைய வாசிப்பைச் சிறிதென எண்ணினான். அது சிறிதன்று என்பதை வாசகர்கள் அவனுக்குத் திருப்பிக் கற்பித்தனர்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விரும்பிப் படித்த கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் நாயகர் ஒருவரின் இயல்புகளை வகுப்பில் எடுத்துரைக்க.
2. பொழுதுபோக்கு வாசிப்பு பயனுடையதா என்னும் பொருளில் குழுவாகக் கலந்துரையாடுக.
3. ஒரு நாளில் நீங்கள் சந்தித்த ஒருவரின் தோற்றத்தை மட்டும் உற்றுநோக்கி, அவரைப் பற்றி அறிந்தவற்றைக் காரணங்களுடன் எழுதுக. உங்கள் முடிவு தவறாக இருக்கக்கூடிய இடங்களையும் குறிப்பிடுக.